பெண் மனமும் வாசகர் மனமும்

ஒரு நூல் நல்லதா அல்லதா என்பதைப் புலவர் சபையே தீர்மானிக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கின்றது. பெண்கள் விரும்பிப் படிக்குங் கதையென்றாலோ தீர்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘அடுப்பங்கரைக் கதை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டு அப்பாற் செல்வர். இவ்வாறு தள்ளுவோரிற் பெரும்பாலோர் அக்கதையிற் பத்துப் பக்கங்களையேனும் புரட்டியவரல்லர். படியாமலே பழிப்பதைத் திறனாய்வு என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

இக்கேள்வியை மனத்திற் கொண்டு, லக்ஷ்மி எழுதிய ‘பெண் மனம்’ என்னும் நாவலைப் பற்றிச் சுங்கை லாலாங்கிலும், அதனையடுத்த பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலும் உள்ள நேயர்கள் கூறும் அபிப்பிராயங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நூலைவிட அபிப்பிராயங்களே நமக்கு அதிகம் கற்பித்தன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆசிரியரைப் பற்றிச் சிறிது. 1921-ஆம் ஆண்டு திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த தொட்டியத்திற் பிறந்த திரிபுரசுந்தரி என்பவரே ‘லக்ஷ்மி’ என்ற புனைபெயரில் எழுதியவர். சென்னையில் வைத்தியப் படிப்புப் படித்த நாளிலேயே ஆனந்த விகடனிற் கதை எழுதி, அவ்வருவாயைக் கொண்டு படிப்புச் செலவை ஈடு செய்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். 1984-இல் ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் நாவலுக்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்; 1987-இல் மறைந்தார். தம் எழுதுகோலாற் படித்து டாக்டரான ஒரு பெண்ணின் எழுத்தை அடுப்பங்கரையோடு முடிச்சுப் போடுவது அறியாமையன்றி வேறென்ன?

‘பெண் மனம்’ 1963-இல் ‘இருவர் உள்ளம்’ என்ற பெயரில் திரைப்படமாயிற்று. எல். வி. பிரசாத் இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுத, சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்தனர். ஆகவே நூலைப் படியாதாரும் கதையை அறிவர். பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயரெடுத்த செல்வன் ஒருவன் ஒழுக்கமுடைய பெண்ணொருத்தியை விரும்புகிறான். அவள் அவனை வெறுக்கிறாள். ஆயினும் வீட்டாரின் நெருக்குதலால் அவனுக்கே மனைவியாகிறாள். கழுத்தில் தாலி ஏறியும் மனம் ஏறவில்லை. அம்மனம் எவ்வாறு மெல்ல மெல்லத் திரும்புகின்றது என்பதே கதை.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். ஆடவரிற் படித்தவர்கள் கூறுவது ஒன்று: “இது கண்ணீர்க் கதை, கெட்டவன் திருந்துவதும் மனைவி இளகுவதும் பழைய சரக்கு” என்பது. வாலிபப் பெண்கள் கூறுவது மற்றொன்று: “விருப்பமில்லாதவளைக் கட்டி வைத்தது அநியாயம். அவ்வநியாயத்தை இறுதியில் இன்பமாக்கிக் காட்டுவது அதனினும் பெரிய அநியாயம்” என்பது. மூன்றாவது அபிப்பிராயம், பால்மரம் வெட்டி ஓய்ந்த முதிய மாதர்களுடையது. அவர்களுள் ஒருவர் சொன்ன ஐந்தாறு சொற்கள் நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தன: “அவன் அவளுக்காகக் காத்திருந்தானே, அது போதாதா?”

இதைக் கேட்ட இளம்பெண் ஒருத்தி விடவில்லை. “காத்திருந்தது பெரிதா, பெரியம்மா? கட்டுவதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?” என்றாள்.

அந்த அம்மையாருக்குத் திருமணம் நடந்த நாளில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதோடு, காத்திருப்பாரும் இல்லை. அந்நாளிற் தோட்டத்துப் பள்ளியிற் சில வகுப்புப் படித்ததும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட சிறுமிகள் பலர். லயத்தில் எழுத்தறிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்ட கதைகள் இவை. அவ்வாறு கேட்டவளுக்கு, தாலி கட்டிய பின்னும் மனைவியின் மனம் கனியும்வரை ஒதுங்கி நிற்கும் கணவன் ஓர் அதிசயப் பிறவி. அவள் அக்கதையில் அடக்கத்தைப் படிக்கவில்லை; தனக்குக் கிடைக்காத மரியாதையைப் படித்தாள். தோட்டத்து வருகைப் பதிவேட்டிற் பெண்ணின் பெயரும் அவள் வேலை செய்த நாளும் ஏறும். அவள் மனம் ஏறாது என்பதைக் கிராணி வேலை பார்க்கும் நாம் நன்கறிவோம். அது ஏறிய ஏடு இத்தகைய நாவலே.

ஆகவே ‘பழைய சரக்கு’ என்போர் நூலின் பலத்தைக் கண்டிலர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டே ‘என் மனத்தை நான் தரவில்லை’ என்று நிற்கும் மனைவியைக் கதையின் நடுவில் நிறுத்தியதும், அவளது மறுப்பை அற்பப் பிடிவாதமாக எண்ணாது மதித்து எழுதியதும் ஆசிரியரின் துணிவு.

அதற்காக வாலிபப் பெண்களின் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. கதை கணவனைச் சோதிக்கின்றது, மனைவியைச் சோதிக்கின்றது, அவளை நெருக்கி மணவறையிற் கொண்டுபோய் இருத்தியவர்களைச் சோதிக்கவில்லை. திரைப்படத்திற் கணவன்மேற் கொலைப் பழி விழுகின்றது. அவ்வாபத்து இருவரையும் சேர்த்து வைக்கின்றது. வெளியிலிருந்து வந்த இடி உள்ளேயிருந்த கேள்வியை அணைத்துவிட்டது. திருந்தாத கணவனாயிருந்தால் அவள் கதி என்ன? அவ்வினாவிற்குக் கதையில் விடையில்லை. நம்மூர்ப் பெண்கள் பலர் வாழ்வில் அவ்வினாவே மிச்சம்.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்றமையால், அயர்லாந்து தேசத்து மேவ் பின்சி என்னும் அம்மையாரின் ‘சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற நாவலை நாம் படிக்க நேர்ந்தது. 1990-இல் வெளிவந்த இதுவும் பெண்கள் பெரிதும் விரும்பிப் படித்த கதையே. சிற்றூர்த் துணிக்கடைக்காரரின் ஒரே மகள் பென்னி. கடைச் சிப்பந்தியாகிய ஷான் வால்ஷை அவள் மணந்தால் நலமென்று பெற்றோர் எண்ணுகின்றனர். அவள் இசையவில்லை. தந்தை இறந்தபின், அவன் கடைப் பணத்தைக் கையாடியவன் என்பதையும் அவளே கண்டுபிடிக்கிறாள். அவள் காதலித்த ஜாக் வேறொருத்தியிடம் சென்று, பிறகு திரும்பி வருகிறான். பென்னி அவனை முன்போல ஏற்கவில்லை. அவனின்றியும் வாழலாம் என்று தெளிகிறாள். 1995-இல் வந்த திரைப்படமோ முடிவை மாற்றி இருவரையும் சேர்த்து வைத்தது!

நேயர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மணவிலக்கையே 1937-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தால் தடுத்து வைத்திருந்த நாடு அயர்லாந்து. 1995-இல் நடந்த பொதுவாக்கெடுப்பிலேதான் அத்தடை நீங்கியது. அத்தகைய நாட்டிலும் ஒரு கதாநாயகி ‘வேண்டாம்’ என்று சொன்னால், படம் பிடிப்போர்க்கு மனம் பொறுக்கவில்லை. ‘சேர்ந்தால்தான் சுபம்’ என்பது தமிழர்க்கு மட்டும் உரிய வியாதியன்று.

நம் நாட்டில், முஸ்லிமல்லாதார்க்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மணமக்கள் இருவரும் மனமொப்பிச் சம்மதித்தாலன்றித் திருமணத்தைப் பதிவு செய்யலாகாது என்பது அதன் விதி. ஆனால் பதிவதிகாரியின் மேசைக்கு முன் ‘சம்மதம்’ என்று சொல்லும் வாய்க்குப் பின்னே, வீட்டில் எத்தனை நாள் அழுகையும் மிரட்டலும் நடந்தன என்பதைச் சட்டம் எவ்வாறு காணும்? அதைக் காட்ட வல்லது கதை ஒன்றே. அதனாலேயே கதை ஆசிரியரிடம் நாம் அதிகம் எதிர்பார்க்கிறோம்.

எனவே நம் முடிபு இது. ‘பெண் மனம்’ படிக்கத் தக்க நூல். தாய்மார் அதனைப் படித்துக் கண்ணீர் விடுவதை எள்ளி நகையாட ஒருவருக்கும் உரிமையில்லை, அக்கண்ணீருக்குக் காரணமுண்டு. ஆயினும் அதே நூலை மகளின் கையிற் கொடுத்து, “பார், பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று உபதேசிப்பது பெருந்தீங்கு. தாய்க்கு ஆறுதலாயிருந்தது மகளுக்குச் சட்டமாகிவிடலாகாது. தாயும் மகளும் சேர்ந்து அதனைப் படிக்கட்டும். பெரியம்மாவின் கேள்வியும் இளம்பெண்ணின் கேள்வியும் ஒரே திண்ணையில் எழட்டும். தோட்டத்து வாசகசாலைகளை நடத்தும் அன்பர்கள் இதற்கு மாதம் ஒரு மாலையை ஒதுக்கினாற் போதும். அங்கே ஆடவர்களும் வந்து அமர்ந்து, வாய் திறவாது சிறிது நேரம் கேட்பார்களாயின், அதைவிடச் சிறந்த இலக்கியத் தொண்டு பிறிதொன்றில்லை.