மிகுதி வேலை யாருடையது?

ஓவியத்தையும் நாடகத்தையும் பற்றி ஓயாது சர்ச்சை செய்யும் எமது விமர்சகர்கள் புகைப்படத்தைப்பற்றிப் பேசுவது அரிது. அதிலும், படப்பிடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் தாம் எடுத்த படத்தை வெட்டியும் ஒட்டியும் நிறம் மாற்றியும் செய்து பார்க்கும் பரிசோதனைகளை ஒரு கலைப் பிரச்சினையாகக் கருதுவாரே இல்லை எனலாம். ஆயினும், இன்று சாதாரண மக்கள் மிகப் பெருந்தொகையாக ஈடுபடும் ஆக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகும். வாழ்நாளில் ஒரு கவிதையும் எழுதியிராதவர்கூடக் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்து, வேண்டாத ஓரத்தை நறுக்கி, ஒளியைக் கூட்டி உறவினருக்கு அனுப்புகின்றார். மக்கள் திரளாக ஈடுபடும் ஒன்றை அற்பமென ஒதுக்குவது முற்போக்கு விமர்சனத்துக்கு அழகன்று.

இது குறித்து இரு கருத்துக்கள் வழக்கிலுள்ளன. படம் என்பது உண்மையின் பதிவு, அதிற் கைவைப்பது மோசடி என்பர் ஒரு சாரார். அது வெறும் பொழுதுபோக்கு, அவரவர் விருப்பம் என்பர் மறு சாரார். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் ஒரே வினாவைத் தவிர்த்துச் செல்கின்றன. பொத்தானை அழுத்திய பின்னர் நிகழும் மாற்றத்தைச் செய்பவர் யார்? எவருடைய நலனுக்காக அது செய்யப்படுகின்றது? இவ்வினாவையே நாம் இங்கு ஆராய முயல்கின்றோம்.

முதலில், மனிதக் கைபடாத தூய படம் என்று ஒன்று இருந்ததா என நோக்குவோம். 1850களிற் பாவனையிலிருந்த கண்ணாடித் தகடுகளின் இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகையாக ஏற்பது. கடலுக்குப் பொருத்தமான அளவு ஒளியைப் புகவிட்டால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எனவே, பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிறே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை வேறொரு தகட்டிலும் பிடித்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். 1857 இல் இங்கிலாந்தில் ஒஸ்கார் ரெய்லாண்டர் ஏறத்தாழ முப்பது நெகற்றிவ்களைப் பொருத்தி 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படத்தை ஆக்கினார். இன்றைய கைத்தொலைபேசி செய்வதும் அதுவே. நாம் ஒருமுறை பொத்தானைத் தொடும்போது அது கணப்பொழுதிற் பல படங்களை எடுத்து, இருண்ட பகுதிக்கு ஒன்றையும் வெளிச்சமான பகுதிக்கு வேறொன்றையும் பயன்படுத்தி, அனைத்தையும் ஒன்றாக்கித் தருகின்றது. ரெய்லாண்டர் தாம் செய்ததைத் தாமே அறிந்திருந்தார். நாமோ எமது கைக்குள் நிகழும் வேலையை அறியோம். வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது.

இந்த அறியாமை இயல்பாக வந்ததன்று. 1888 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் தமது கொடாக் கமராவை இருபத்தைந்து டொலருக்கு விற்பனைக்கு விட்டார். அதனுள் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. முடிந்ததும் கமராவை முழுதாகவே றொச்செஸ்ரர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். பத்து டொலருக்குப் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளையும் ஏற்றித் திருப்பி அனுப்புவர். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மிகுதியை நாம் செய்வோம் என்பது அக்கம்பனியின் விளம்பர வாசகம். 1900 இல் ஒரு டொலர் விலையுள்ள பிறவ்னி கமரா வெளிவந்தபோது சிறுவரும் படம் பிடிக்கலாயினர்.

இதன் முற்போக்கான அம்சத்தை மறுப்பது பேதைமை. செல்வரின் வரவேற்பறைக்கும் தொழில்முறைக் கலைஞரின் கூடத்துக்கும் உரியதாயிருந்த ஒரு சாதனம் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதேவேளை, படமாக்கும் வேலை இரண்டாகப் பிளவுபட்டது. பொத்தானை அழுத்தும் கணம் மக்களுக்கு உரியதாயிற்று. தீர்மானங்கள் நிகழும் மிகுதி வேலை, அதாவது எதனை வெளிச்சமாக்குவது, எதனை இருளில் விடுவது, எந்த நிறம் சரியான நிறம் என்பதெல்லாம், தொழிற்சாலைக்கு உரியதாயிற்று. கைவினைஞனைத் தன் ஆக்கத்திலிருந்து அந்நியப்படுத்திய அதே தொழிற்பிரிவினைதான் இங்கும் செயற்பட்டது.

தொழிற்சாலை செய்யும் மிகுதி நடுநிலையானதென எண்ணுவோர் வர்ணப் படத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். வர்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் கம்பனி ஒரு மாதிரி அட்டையை வழங்கியது. அதிலிருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அட்டைக்கு நின்ற பெண்ணின் பெயரால் அது 'ஷேர்லி அட்டை' என அழைக்கப்பட்டது. அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது அளவுகோலாயிற்று. கறுத்த முகங்கள் அவ்வளவுகோலில் இருண்டு, கண்ணும் பல்லும் மட்டுமே தெரிய அச்சாயின. லோர்னா றொத் என்னும் ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட கட்டுரை ஓர் உண்மையை எமக்கு உணர்த்துகின்றது. கபில நிறங்களைச் செவ்வையாகக் காட்டும் சுருளை உருவாக்கக் கம்பனியைத் தூண்டியவற்றுள் சொக்கலேற், மரத்தளபாட விளம்பரகாரரின் முறைப்பாடுகள் முக்கியமானவை. கறுத்த குழந்தையின் முகம் தெரியாதபோது அசையாத சந்தை, சொக்கலேற்றின் நிறம் பிசகியபோது அசைந்தது! ஒரு சமூக அமைப்பின் இயல்பை இதைவிடத் தெளிவாக எடுத்துக் காட்டுதல் கடினம்.

எமது நாட்டு ஸ்ரூடியோக்களும் இதற்கு விலக்கல்ல. நெகற்றிவின்மேற் கூரிய பென்சிலால் 'ரச்' செய்து முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பது அங்கு அன்றாடத் தொழிலாயிருந்தது. மணப்பெண்ணின் படத்தைச் 'சிவப்பாக' எடுத்துத் தரும்படி கேட்ட பெற்றோர் எத்தனை பேர்! இன்று பென்சிலின் இடத்தைக் கைத்தொலைபேசியின் 'அழகூட்டி' பிடித்துக்கொண்டது. அது கேளாமலே தோலை வெளிறச் செய்கின்றது, மூக்கை ஒடுக்குகின்றது. வெயிலில் விளையாடிவிட்டு வந்த மாணவி தன் படத்திற் காண்பது தன் முகத்தையன்று, அழகென்று தூர தேசத்து நிறுவனமொன்று நிச்சயித்த முகத்தையே. அடிக்கடி அதனைக் கண்டு பழகிய பின்னர் கண்ணாடியிற் தெரியும் முகமே அவளுக்குப் பிழையாகத் தோன்றுமானால், குற்றம் அம்மாணவியினுடையதா?

ஆகவே, ஒருவர் தம் படத்தைத் தாமே திருத்த முயல்வதை மோசடியென்று கண்டிப்பது பொருந்தாது. பறிபோன மிகுதி வேலையை மீட்டெடுக்கும் முயற்சியின் தொடக்கமாக அது அமையலாம். அவ்வாறு மீட்டெடுத்தோர் வரலாற்றில் உண்டு. 1926 இல் ஜேர்மனியின் தொழிலாளர் சித்திரப் பத்திரிகையான 'ஆ-இ-ட்செட்' தன் வாசகர்களையே படம் எடுத்து அனுப்பும்படி அழைத்தது. முதலாளித்துவப் பத்திரிகைகளிற் காணக்கிடைக்காத தம் வாழ்க்கையைத் தொழிலாளர் தாமே படம் பிடித்தனர். சங்கம் அமைத்துக் கழுவவும் அச்சிடவும் கற்றனர்.

அதே பத்திரிகையில் ஜோன் ஹார்ட்பீல்ட் கத்தரிக்கோலையும் பசையையும் ஆயுதமாக்கினார். 1932 இல் அவர் வெளியிட்ட படமொன்றில், முழங்கிப் பேசும் ஹிட்லரின் மார்பு எக்ஸ்-கதிர்ப் படமாகத் திறந்து கிடக்கின்றது. முதுகெலும்பின் இடத்தில் நாணயங்கள் அடுக்கப்பட்டுள்ளன. பொன்னை விழுங்குகின்றான், தகரத்தைப் பேசுகின்றான் என்பது அதன் தலைப்பு. எந்தக் கமராவும் நேரிற் பிடித்திருக்க முடியாத காட்சி இது. ஆயினும், பெருமுதலாளிகளின் பணம் நாசிகளின் முதுகெலும்பாயிருந்தது என்ற குற்றச்சாட்டை, நேரிற் பிடித்த நூறு படங்களைவிட இவ்வொட்டுப் படம் துலாம்பரமாக்கிற்று.

எமது நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. சட்டமும் பியானோவும் பயின்ற லயனல் வென்ட், 1930களிற் கொழும்பில் இருட்டறையையே தம் சோதனைக்கூடமாக்கினார். பாதி கழுவிய படத்தின்மேல் மீண்டும் ஒளியைப் பாய்ச்சி உருவங்களின் விளிம்பைக் கோடாக எழச்செய்தார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தார். கமராவே இல்லாமற் பொருள்களை ஒளியுணர் தாளில் வைத்துப் படமாக்கினார். 1943 இல் '43 குழு' தோன்றுவதற்கு முன்னின்ற அவர் மறு ஆண்டே காலமானார். கொடாக் விற்ற தொழிற்பிரிவினையை அவர் ஏற்கவில்லை. மிகுதி வேலையிலேயே கலையைக் கண்டார். இது அவர் சாதனை. எனினும், அவருடைய படங்களில் வரும் உழைப்பாளியின் உடல் பெரும்பாலும் ஒளி விளையாடும் ஒரு வடிவமாகவே நின்றுவிடுகின்றது. உழைப்பின் கடுமையை அங்கு நாம் அரிதாகவே காண்கின்றோம். இருட்டறையும் ஓய்வும் வாய்த்த வர்க்கத்தின் கலைக்கு இயல்பான எல்லை அது.

இங்கு நாம் மறைக்கக்கூடாத உண்மை ஒன்றுண்டு. திருத்திய படங்களின் வரலாற்றில் மிக அவமானகரமான பக்கங்களுட் சில சோஷலிசத்தின் பெயராலேயே எழுதப்பட்டன. 1920 மே 5 ஆந் திகதி மொஸ்கோவில் லெனின் படையினர்முன் உரையாற்றிய காட்சியில் மேடைப் படிகளில் நின்ற ரொட்ஸ்கியும் காமனெவும் பிற்காலப் பிரசுரங்களிலிருந்து அழிக்கப்பட்டனர். மொஸ்கோ-வொல்கா கால்வாயோரம் ஸ்ராலினுடன் நடந்த யெஷோவ் 1940 இற் கொல்லப்பட்டான். அவன் நின்ற இடத்தில் நீர்ப்பரப்பு தீட்டப்பட்டது. பல்லாயிரம் பேரை அழித்தவன் யெஷோவ். ஆயினும், அவனை நீராக்கிய தூரிகை வரலாற்றுக்கு நீதி செய்யவில்லை. இதைப்பற்றி வாய் திறவாது ஹார்ட்பீல்டைப் போற்றுவோமாயின், எமது விமர்சனமும் ஒரு வகையில் 'ரச்' செய்யப்பட்டதே.

இவ்விரண்டையும் அருகருகே வைக்கும்போது எமக்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கின்றது. ஹார்ட்பீல்டின் ஒட்டுப் படம் தான் ஒட்டப்பட்டதென்பதை மறைக்கவில்லை. பார்ப்பவரைச் சிந்திக்க அழைக்கின்றது. ஸ்ராலின் காலத்துத் தூரிகையோ தான் நிகழ்ந்ததையே மறைக்கின்றது. பார்ப்பவர் சிந்திப்பதற்கான இடத்தை மூடிவிடுகின்றது. முன்னையது மாற்றத்தாற் பேசுவது, பின்னையது மாற்றத்தால் வாயடைப்பது. படம் மாற்றப்பட்டதா என்பதன்று, அம்மாற்றம் ஒளிந்து நிற்கின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அன்று தேர்ந்த ஓவியனைக்கொண்டு அரசு செய்வித்த அழிப்பை இன்று எவரும் ஒரு விரலால் நொடியிற் செய்யலாம் என்பதால் இக்கேள்வியின் அவசரம் பன்மடங்காகியுள்ளது.

எமது மக்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. 1995 இன் இடப்பெயர்விலும் 2004 இன் ஆழிப்பேரலையிலும் 2009 இன் வன்னிப் பேரழிவிலும் வீடுகளோடு அல்பங்களும் போயின. இறந்த தந்தைக்கு அந்தியேட்டி நினைவுமலர் வெளியிட முனையும் பிள்ளைகளிடம், அடையாள அட்டையின் தபால்முத்திரை அளவான படமே எஞ்சியிருப்பதுண்டு. ஸ்ரூடியோக்காரர் அதனைப் பெருப்பித்து, வேறொரு படத்திலுள்ள வேட்டி சால்வை அணிந்த உடலோடு பொருத்தித் தருவார். வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வரமுடியாத மகனைக் குடும்பப் படத்தில் ஓரமாக நிறுத்துவதும் உண்டு. இவற்றைப் பொய்யென்பார் எமது மக்களின் வாழ்வை அறியாதவர். வீட்டிலுள்ள யாவரும் அந்த ஒட்டை அறிவர். அறிந்தே அதன்முன் விளக்கேற்றுகின்றனர். பிரிக்கப்பட்டோரைச் சேர்த்து வைக்கும் ஆசையே அப்படத்தின் உண்மை.

ஆயின், 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியிற் போராட்டம் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்திய படங்களின் நிலை வேறு. அவை சாட்சியங்கள். இன்னார் இருந்தார், அவர் எங்கே என்று அரசைக் கேட்பவை. மங்கிய சிறு படத்தைத் துலக்கித் தருவதாகக் கூறும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், படத்தில் இல்லாத விவரத்தை எங்கிருந்தோ கண்டெடுப்பதில்லை. எண்ணற்ற பிறமுகங்களிலிருந்து கற்றதைக்கொண்டு இமையையும் உதட்டையும் ஊகித்து நிரப்புகின்றன. தழும்பும் மச்சமும் அவ்வூகத்திற் கரைந்துவிடலாம். மகனைப் பறிகொடுத்த தாயின் கையிலுள்ள படத்தில் மகனுடைய முகமும் மாறிப்போவதை நாம் அனுமதிக்கலாமா? இங்கே மங்கலே நேர்மையானது. துலக்கிய பிரதி வேண்டுமாயின், மூலப் படமும் அதனருகே இருத்தல் அவசியம்.

ஆகவே, ஆசிரியரும் மாணவரும் செய்யவேண்டியது தெளிவு. கட்டுரை எழுதக் கற்பிப்பதுபோற் படத்தை ஆக்கவும் பள்ளியிற் கற்பித்தல் வேண்டும். கைத்தொலைபேசியின் அழகூட்டியை நிறுத்திவிட்டு ஒரே முகத்தை மீண்டும் எடுத்து, இரண்டையும் மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரே படத்தை மூன்று விதமாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் யார் வெளியே தள்ளப்படுகின்றார் என எழுதட்டும். பத்திரிகைத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் படமாக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடக்கி, பின்னர் பலரின் கூட்டுழைப்பால் வளர்ந்த 'கிம்ப்' என்னும் மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். எந்நிலையிலும் மூலப் படத்தை அழியாது காப்பதும், செய்த மாற்றத்தைச் சொல்லிவிடுவதும் அவர்கள் பழகவேண்டிய முதல் ஒழுக்கமாகும்.

பொத்தானை அழுத்தும் உரிமை மக்களுக்குக் கிடைத்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மிகுதியைச் செய்யும் அறிவும் அதிகாரமும் இன்னும் வந்து சேரவில்லை. அவற்றையும் மக்கள் கைக்கொள்ளும்போதே புகைப்படம் மெய்யான மக்கள் கலையாகும்.