பச்சைப் பக்கம்

குமரகுருபரர் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயதுவரை வாய் பேசாத பிள்ளை திருச்செந்தூர் சந்நிதியில் கந்தர் கலிவெண்பா பாடிய கதையைத் தாமிரவருணிக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய நூல்களை இணையத்தில் தேடினால், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகள் வந்து நிற்கும். பாட்டை ரசிக்க ஆயிரம் பேர் உண்டு. எனக்குப் பாட்டுக்கு முந்தி வரும் முகப்புப் பக்கத்தின் மேலும் ஒரு கண்.

அலங்காரம் ஒன்றும் கிடையாது. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற நன்றிக்குறிப்பு. இந்த முகப்பைச் சிதைக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்ற ஒரே நிபந்தனை. அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ வேலை இது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஸ்டால்மன் நிரல்களுக்காக 1989இல் வெளியிட்ட க்னூ உரிமம், வாங்கியவர் அதே சுதந்திரத்தோடு அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும் என்று கறாராக நிற்கும். மதுரையின் முகப்போ, பெயரை அழிக்காதே என்பதோடு விட்டுவிடுகிறது. எனக்கு இந்தப் பெருந்தன்மை பிடிக்கும். அந்த முகப்பையும் வெட்டி எறிந்துவிட்டுத் தம் தளத்தில் போட்டுக்கொள்பவர்களை என்ன சொல்ல!

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான நூலகத் தளம் விக்கிமூலத்தில் ரசனை வேறு மாதிரி. இடப்பக்கம் தட்டச்சு, வலப்பக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. அந்த மென்பொருளும் திறந்த மூலம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து (ஓசிஆர்) பக்கங்களை ஏற்றக் கணியம் மின்னிதழின் த. சீனிவாசன் பைத்தானில் ஒரு நிரல் எழுதிப் பொதுவில் வைத்தார். அதற்குள் எழுத்தை அடையாளம் காண்பது கூகிளின் மூடிய இயந்திரம். கொள்கைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். புத்தகம் வெளியே வருகிறதே.

மெய்ப்புப் பார்க்கும் வேலையின் நுட்பம் தெரிய ஒரு பிழையைப் பார்த்தால் போதும். 'கௌரி' என்பதில் ககரத்தோடு சேர்வது ஒரே ஔகாரக் குறி. அவசரத்தில் க, ஒற்றைக்கொம்பு, தனி ள என்று அடித்தாலும் திரையில் பெரும்பாலும் அதேபோலத் தெரியும். கண்ணுக்குக் குறையே இல்லை. தேடினால் மட்டும் அகப்படாது. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒரே வரியில் நிரல் எழுதிவிடலாம். எழுதினால் 'வெள்ளம்' உடையும், 'தெளிவு' உடையும், ஆற்றுக் கெளுத்தியும் உடையும்.

முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஆக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரலகம் இங்கேதான் கைகொடுக்கிறது. யூனிகோடுத் துண்டுகளாக இல்லாமல் எழுத்தெழுத்தாகச் சொல்லைப் பிரித்துத் தரும்: கெ, ளு, த், தி. எகர உயிர்மெய்க்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத தனி ள நின்றால்தான் சந்தேகம். ளு வந்தால் தொட வேண்டாம். இப்படி எழுதிய திருத்தத்தையும் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால் வேறொருவர் வரிவரியாகப் படிப்பார், ஒத்துக்கொண்டால்தான் சேரும். விக்கிமூலத்தின் மஞ்சளும் பச்சையும் அங்கேயும் உண்டு, நிறம்தான் இல்லை.