கீதாஞ்சலியில் முன்னிலைப் பெயர்களும் தொண்டு நெறியும்

இரவீந்திரநாத் தாகூரின் வாழ்வைக் குடும்ப மரபு, ஆன்மிகம், சமூகத் தொண்டு என்னும் மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டுவது பெருவழக்கு. தந்தை தேவேந்திரநாத்தின் வழிவந்த உபநிடதப் பயிற்சியும் பிரம்ம சமாஜ வழிபாடும் முதற்படி. கீதாஞ்சலி இரண்டாம் படி. 1922இல் தோன்றிய ஸ்ரீநிகேதனின் கிராமப் புனரமைப்புப் பணி மூன்றாம் படி என்பர். இப்பகுப்பு பொருந்துவதன்று. உழவர்க்குக் கடன் வழங்கப் பதிசரில் அவர் வங்கி தொடங்கியது 1905இல். மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை பயில அமெரிக்காவிற்கு அனுப்பியது 1906இல். வங்க கீதாஞ்சலி வெளிவந்ததோ 1910இல்தான்.

இவ்வுண்மை ஆங்கில வடிவத்தில் மங்கிவிடுகிறது. வங்க நூலின் 157 பாடல்களுள் 107ஆம் பாடல், கடையரினும் கடையரிடையே இறைவனின் திருவடி தங்குவதைக் கூறும். அடுத்த பாடல், மக்களைத் தீண்டாது ஒதுக்கிய நாட்டை நேர்நின்று கடிந்துரைக்கும். 1912இல் வெளிவந்த ஆங்கில நூலில் முன்னது 10ஆம் பாடலாக இடம்பெற்றது, பின்னது விடுபட்டது. எனவே ஆங்கிலம் வழி பயில்வோர்க்கு இரக்கம் புலனாகிறது, கண்டனம் புலனாவதில்லை.

இடம்பெற்ற பாடல்களிலும் இழப்பு உண்டு. வங்க மொழியில் முன்னிலைப் பெயர் துயி, துமி, ஆப்னி என மூவகைப்படும். 107ஆம் பாடலில் இறைவன் 'துமி' என விளிக்கப்பெறுகிறான். ஆங்கிலத்தில் 11ஆம் பாடலாகிய 119ஆம் பாடலிலோ, கதவடைத்த கோயில் மூலையில் அமர்ந்திருக்கும் பக்தன் 'துயி' வடிவில் அதட்டப்பெறுகிறான்; உழவனோடு வெயிலில் நிற்கும் இறைவன் 'தினி' என்னும் உயர்வுப் படர்க்கையில் சுட்டப்பெறுகிறான். 'துயி' தன் நெஞ்சை நோக்கிய சொல்லாகவும் நிற்கவல்லது. ஆகவே, ஜமீன் குடியில் பிறந்து வழிபாட்டு மரபில் வளர்ந்த கவிஞர் தம்மையே கடிந்துகொள்வதாகவும் அதனைப் பொருள்கொள்ள இடமுண்டு. ஆங்கிலமோ இறைவனுக்கும் பக்தனுக்கும் ஒரே பழவடிவ முன்னிலையைத் தருகிறது. அதட்டல் அறிவுரையாகத் தணிந்துவிடுகிறது.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காக்க வழியுண்டு. இறைவனை 'நீ' என விளித்து, பக்தனை 'ஏடா' என்னும் விளியோடு சேர்ந்த 'நீ'யால் அழைக்கலாம். படர்க்கையில்தான் இடர்ப்பாடு மிகுதி. நம் பக்தி மரபு இறைவனை 'அவன்' என்றே பெரிதும் சுட்டும். அம்மரபைப் பின்பற்றினால் 'அவன்' இறைவனையும் உழவனையும் ஒருங்கே குறித்து இருவரையும் ஒருநிலைப்படுத்தும். இஃது இனிய விளைவே எனினும் மூலத்தின் விளைவன்று. உயர்வுப் பெயருக்குரியோன் அப்பெயருடனேயே புழுதியில் இறங்கி நிற்பதே மூலத்தின் ஆற்றல். 'அவர்' என்பதே இங்கு ஏற்புடையது.

மூலத்தை ஒப்புநோக்காது ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்போர் சொல் நயத்தை மட்டும் இழப்பதில்லை. வழிபாடும் தொண்டும் ஒரே மூச்சில் எழுந்தன என்னும் சான்றையும் இழக்கின்றனர்.