தொய்ந்த கயிறு

காங்கேயம் மாட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கொம்பைப் பார்ப்பார்கள். பிறகு திமில், அப்புறம் நிறம். மயிலையா, காரியா, செவலையா, பிள்ளையா என்று பேச்சு ஓடும். சுழி பார்க்கிறவர் யாரோடும் பேசாமல் மாட்டைத் தனியாக ஒரு சுற்று வருவார். இதெல்லாம் பிறவியில் வந்த அழகு. வளர்த்தவரின் கைவண்ணம் தெரிகிற இடம் வேறு. மாட்டின் மூக்குக்கும் பிடித்திருப்பவர் கைக்கும் நடுவே கயிறு எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். விறைத்து நின்றால் அந்த மாட்டை அடக்கி வைத்திருக்கிறார்கள். தொய்ந்து கிடந்தால் பழக்கியிருக்கிறார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் என் கண் தேடுவது இந்தத் தொய்வைத்தான்.

இந்த மாட்டைப் பழக்குவது லேசான காரியமில்லை. அதற்குக் காரணம் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. வேலி உயிரோடு வளர்ந்து அடர்ந்து நிற்பதால் மேய்ப்பவன் தேவையில்லை. படலைத் திறந்து ஓட்டிவிட்டுச் சாத்திவிட்டால் மாடு தன் பாட்டுக்கு மேயும். மேய்க்கிற ஆள் மிச்சம். ஆனால் தாயோடு அங்கேயே திரியும் கன்றுக்கு மனிதன் என்பவன் தூரத்தில் நடமாடும் உருவம் மட்டுமே. கிட்டே போனால் காது நிமிரும், வால் தூக்கும், ஒரே ஓட்டம்.

பழக்கத் தெரிந்தவர் அந்தக் கன்றைத் துரத்த மாட்டார். அவர் செய்வதைப் பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். நேராகக் கன்றை நோக்கி நடக்காமல், வேறு எங்கோ போகிறவர்போலச் சாய்வாக நடப்பார். முகத்துக்கு முகம் பார்க்க மாட்டார். கன்று தலையைத் தூக்கிய உடனே நின்றுவிடுவார். சில சமயம் ஓரடி பின்னால்கூட வைப்பார். எனக்கு இந்தக் கலையிலேயே பிடித்தது அந்தப் பின்னடிதான். முன்னால் போக யாருக்கும் தெரியும். சரியான கணத்தில் பின்வாங்குவதுதான், ‘உன் பயத்தைப் பார்த்தேன், மதித்தேன்’ என்று கன்றுக்குச் சொல்லும் ஒரே மொழி. அடுத்த முறை அது கொஞ்சம் குறைவான தூரத்தில் நிற்கும்.

இந்தத் தூரத்தை அமெரிக்கக் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் விரிவாக விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு மாட்டையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அதற்குள் ஆள் நுழைந்தால் விலகும், வெளியேறினால் நிற்கும். பழகப் பழக வட்டம் சுருங்கும். மாட்டின் கண் தலைக்குப் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அதனால்தான் நம் கட்டுத்தறியில் பின்னாலிருந்து வருகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார், தோள்பட்டைப் பக்கமாகக் கிட்டே போகிறார். அறிவியல் படித்து வந்த வழக்கமில்லை அது. உதை வாங்கி வந்த வழக்கம்.

தொடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதியவர் நேரே நெற்றியைத் தடவக் கை நீட்டுவார். கன்று அதை முட்ட வருவதாக எடுத்துக்கொள்ளும். கைகாரர் கழுத்துக்கு அடியில், அலைதாடி தொங்கும் இடத்தில் சொறிவார். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. வியன்னாவில் ஆய்வாளர்கள் பசுக்களின் உடலில் வெவ்வேறு இடங்களைத் தடவிப் பார்த்து 2008-ல் எழுதினார்கள்: கழுத்தின் கீழ்ப்பகுதியைத் தடவும்போதுதான் பசுக்கள் அதிகமாகக் கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிட்டன. கன்று முதல்முறை அப்படிக் கழுத்தை நீட்டுகிற நிமிடத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் எலி வளர்ப்பவர்களும் இதே இலக்கணத்தைத்தான் பேசுகிறார்கள். தேங்காய்க் களமும் அரிசி ஆலையுமாக இருக்கிற காங்கேயத்தில் எலியைச் செல்லமாக வளர்ப்பதாகச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கூச்சமுள்ள எலிக்கும் வழி இதுதான்: கையை விரித்து வைத்துவிட்டுக் காத்திரு, அது வந்து மோந்து பார்க்கட்டும், நீ பிடிக்காதே. பழகிய எலியைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், நம் காதுக்கு எட்டாத சத்தம் எழுப்பும் என்று ஆய்வாளர் யாக் பாங்க்செப் 1990-களில் கண்டறிந்தார். கை விலகினால் அதைத் தேடி வரும். இரையாகும் உயிருக்கெல்லாம் பயம் ஒரே மாதிரி, உருவம்தான் வேறு.

காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் மயிலைக்கு மாறும். அந்தச் செவலை போவதற்குள் கை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கப்புறம் மூக்கு குத்துவது, நுகத்தடி. வண்டிக்குப் பழக்கும்போது புதுக்காளையைப் பழகிய எருதோடு ஜோடி சேர்ப்பார்கள். சத்தத்துக்கும் சாலைக்கும் மிரளாத கிழ எருது பக்கத்தில் நின்றாலே இளசுக்குப் பாதி பயம் போய்விடும்.

ரசிகர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. அதிகம் கொஞ்சினால் மாட்டின் துடி போய்விடும் என்பது ஒரு கட்சி. பூச்சிக்காளை, அதாவது இனவிருத்திக் காளை என்றால் வாசலில் நுழைகிறவனைப் பார்த்து மூச்சு விட வேண்டும், மண்ணைக் கிளற வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. துடிக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் சொல்வது அது. பயந்த மாடு எல்லோரையும் பார்த்து மிரளும், தன்னை வளர்த்தவரையும் சேர்த்து. துடியான மாடு புது ஆளைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். வீட்டு அம்மிணி தவிட்டுத் தண்ணி வாளியோடு வந்து, “இந்தா சாமி, குடி” என்றால் தலையைத் தாழ்த்தும். இரண்டும் ஒரே காளையிடம், ஒரே நிமிடத்தில் இருக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டியின் காளைகளைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பேசுவது இந்த இரட்டைக் குணத்தை வைத்துத்தான்.

சிக்கல், இந்த நம்பிக்கை ஆளைப் பொறுத்தது. மாடு கைமாறும்போது கூடவே போகாது. விற்றவர் பழைய கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாடு புதுக் கயிற்றோடு புது ஆளிடம் போகிறது, வட்டம் மறுபடி பெரிதாகிறது. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் பல்லையும் சுழியையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் விவரமான வியாபாரி பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு இன்னொன்றும் கேட்பார்: “ஏனுங்க, இதை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?” விற்றவர் கூப்பிட்டுக் காட்டுவார். வாங்கியவர் அதே ராகத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏற்றுவார்.