100 வாட் என்று எழுதியிருந்தது

ஒரு சோலார் ஃபிளட் லைட்டோடு பதினைந்து வாரம் பழகியிருக்கிறேன். ஐப்பசி தொடக்கத்தில் மாட்டியது. தைப்பூசம் முடிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டிய இடம் என் சித்தப்பாவின் டிபன் கடை. ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனி போகிற பழைய சாலையில், வடக்குப் பார்த்த கடை. பத்தடிக்கு மூன்றடி தகரப் பலகை. ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதியது, மெரூன் தரையில் மஞ்சள் எழுத்து. அதற்கு ராத்திரி வெளிச்சம் வேண்டும். கரண்டா, சோலாரா என்று சித்தப்பா கேட்டபோது சோலார் என்று சொன்னது நான்தான். வயர் இழுக்க வேண்டாம், பில் ஏறாது, மழையில் ஷாக் அடிக்குமோ என்ற பயம் இல்லை. இந்த மூன்றும் உண்மைதான், இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

பெட்டிக்குள் என்ன வரும் என்பது தெரிந்ததுதான். தனிப் பேனல், தனி விளக்கு, ஐந்து மீட்டர் கேபிள், ரிமோட், ஒரு பொட்டலம் திருகாணி. விலை 2,600 ரூபாய். விளக்கின் முதுகில் கொட்டை எழுத்தில் ‘100 வாட்’ என்று ஸ்டிக்கர்.

முதல் நாள் ஆறேகாலுக்குத் தானாகவே எரிந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் மகிழ்ச்சி. பலகைக்கு நேர் எதிரே நின்று, எழுத்து படிக்கும் தூரம் வரை பின்னோக்கி நடந்து அடி எண்ணிப் பார்த்தேன். ஏழு மணிக்கு எழுபது அடி எடுத்து வைக்க முடிந்தது. ஒன்பதரைக்கு நாற்பத்தைந்து. பதினொன்றுக்கு இருபதுகூட இல்லை. பலகையில் ஏதோ எழுதியிருக்கிறது என்று தெரிந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. இது வெயில் நன்றாக அடித்த நாள். அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை இப்படி நடந்து பார்த்துக் குறித்து வைத்தேன். முதல் நாள் கணக்கைத் தாண்டியதே இல்லை.

இரண்டாவது வாரம் நாலு திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். இந்த மாதிரி விளக்கை வாங்கப்போகிற ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அந்தச் சின்ன டப்பாவுக்குள்தான் இருக்கிறது. பேட்டரியில் அச்சடித்திருந்தது 3.2 வோல்ட், 10,000 மில்லி ஆம்பியர் அவர். அதாவது 10 ஆம்பியர் அவர். இரண்டையும் பெருக்கினால் 32 வாட் அவர். மொத்தச் சேமிப்பே அவ்வளவுதான். உண்மையிலேயே அந்த விளக்கு 100 வாட் இழுத்தால், முழுதாக நிரம்பிய பேட்டரி பத்தொன்பது நிமிடத்தில் காலி. ஆறேகாலிலிருந்து பதினொன்றே கால் வரை ஐந்து மணி நேரம் எரிய வேண்டுமென்றால் சராசரி ஆறு வாட்டும் சொச்சமும்தான் கொடுக்க முடியும். 100 என்று ஒட்டியிருப்பது 6 வாட் விளக்கு.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. டிபன் கடைக்காரருக்கு 2,600 ரூபாய் என்பது எத்தனை தோசை என்று எனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டில் ட்யூப் லைட்டுக்கு 40 வாட் என்று தெரிந்து வளர்ந்த தலைமுறை. அவர் 100 வாட் என்று படித்தால் அதற்கேற்ற வெளிச்சத்தை மனதில் வைத்துத்தான் பணம் கொடுக்கிறார். எல்இடி பொட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றும் இத்தனை வாட் தாங்கும் என்று கூட்டிப் போட்டு ஒட்டுகிற எண் அது. தாங்குவது வேறு, எரிவது வேறு. வாங்கும்போது ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் கேளுங்கள், பெருக்குங்கள், எத்தனை மணி நேரம் எரிய வேண்டுமோ அதால் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் விளக்கு. அந்த இரண்டு எண்ணையும் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

பேனல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பொய் சொல்லவில்லை. பின்புறம் 6 வோல்ட், 15 வாட் என்று இருந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் முழு வெயில் என்று கணக்கு வைப்பார்கள். சூடு, தூசி, சார்ஜ் ஆகும்போது வீணாவது எல்லாம் போனாலும் 32 வாட் அவரை நிரப்பிவிடும். நிரப்பியது. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு மாதம் போராடினோம்.

கடை வடக்குப் பார்த்தது. பலகைக்கு மேலேயே பேனலை மாட்டியிருந்தோம். மார்கழி நெருங்க நெருங்கச் சூரியன் தெற்கே இறங்கிப் போய்விடுகிறது. கட்டடத்தின் நிழல் நாள் முழுக்கப் பேனல் மேல். பிறகு மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ஐந்து மீட்டர் கேபிள் எட்டவில்லை, இணைத்து நீட்டினோம். தெற்குப் பார்த்து லேசான சாய்வு, நம் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும். அங்கேயும் ஒரு ஆண்டெனா கம்பியின் நிழல் காலையில் குறுக்கே விழுந்தது. கம்பி நிழல்தானே என்று விடக்கூடாது. பேனலில் செல்கள் சங்கிலி மாதிரி வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒன்றை மறைத்தால் வரிசை முழுவதும் மட்டுப்படும். ஒரு காக்கை எச்சத்துக்கும் இதே கணக்குதான்.

மாடிக்குப் போனதும் புதுத் தொல்லை. இந்த விளக்குக்குத் தனியாகச் சென்சார் கிடையாது. பேனல்தான் அதற்குக் கண். பேனலில் வோல்ட் விழுந்தால் இருட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு எரியும். மாடிக்குப் பக்கத்திலேயே தெருவிளக்குக் கம்பம். அதன் வெள்ளை எல்இடி எரிந்தவுடன் பேனலுக்கு விடிந்துவிட்டது. பலகை விளக்கு அணையும், மறுபடி எரியும், மறுபடி அணையும். பேனலை ஆறடி தள்ளிவைத்து, கம்பத்துப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்திய பிறகுதான் நின்றது. கடைக்கு முன்னால் தெருவிளக்கு இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ரிமோட்டில் எட்டு பட்டன். இத்தனை மணி நேரம், இத்தனை சதவீத வெளிச்சம் என்று வைக்கலாம். நான் பாதி வெளிச்சம், எட்டு மணி நேரம் என்று வைத்தேன், அது நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று நாள் அடைமழை பெய்து பேட்டரி வற்றிப்போனால் விளக்கு எல்லாவற்றையும் மறந்துவிடும். தொழிற்சாலையில் வைத்த பழைய கணக்குக்குத் திரும்பி, முதல் இரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு முறை ரிமோட்டைத் தேடி எடுத்தேன். தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. மேகம் மூடியிருக்கிற, சாலை தெரியாத, பலகை கட்டாயம் எரிய வேண்டிய அந்த நாட்களில்தான் இந்த விளக்கு படுத்தது.

வெளிச்சத்தின் நிறமும் எனக்கு ஒப்பவில்லை. இந்த விலையில் நான் பார்த்ததெல்லாம் நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெள்ளை. மெரூன் தரை கறுப்பாகத் தெரிந்தது, மஞ்சள் வெளுத்து எலுமிச்சை ஆனது. மழை விட்ட சாயங்காலம் ஈசல் மொத்தமும் அந்த வெள்ளைக்குத்தான் வந்து விழுந்தது. கீழே தோசைக்கல்.

மார்கழிக் கடைசியில் சித்தப்பா ஃபோன் செய்தார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. “சாமிமார் நடந்து வர்ற நேரத்துல விளக்கு தூங்கிருதுப்பா” என்றார்.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். தைப்பூசத்துக்குக் காரைக்குடி, குன்றக்குடி பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி ராத்திரியில்தான் தூரத்தைக் கடப்பார்கள். இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு இருபது பேர், முப்பது பேராக வருவார்கள். கால் கொப்புளித்துப்போனவர்கள் உட்கார ஒரு பெஞ்சும், ஒரு டம்ளர் சுக்குக்காப்பியும் எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். சித்தப்பா அந்தப் பத்து நாளும் கடையை அடைக்கமாட்டார். கடை திறந்திருக்கிறது என்று தொலைவிலேயே சொல்ல வேண்டிய பலகை இருட்டில் நின்றால் அவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் வயர் இழுத்துவிட்டோம்.

20 வாட் எல்இடி ஃபிளட் லைட் இரண்டு, 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், ஐபி65. பலகைக்கு மேலிருந்து இரண்டரை அடி முன்னால் நீளும் இரும்புக் கை, அதன் நுனியில் விளக்கு பலகையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒட்டி மாட்டினால் மேல் விளிம்பு மட்டும் எரிந்து, கீழே இருட்டாக இருக்கும். மூன்று கோர் செம்பு வயர், குழாய்க்குள். டே-நைட் சென்சார் ஒன்று, விளக்கின் வெளிச்சமே அதன் மேல் படாத மறைவில். பொருளும் கூலியும் சேர்த்து 4,300 ரூபாய் ஆனது.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பலகையின் இரும்புச் சட்டத்துக்கு எர்த். இந்த லைனுக்கென்று தனி எம்சிபி, அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மண்ணுக்குக் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் அறுத்துவிடுகிற சாதனம் அது. கடைக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து இரண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றி, ஜன்னல் வழியாகப் பலகைக்கு இழுத்திருப்பதை எத்தனையோ கடைத்தெருவில் பார்க்கிறேன். கீழே ஈரத் தரை, மேலே தகரப் பலகை. வயர் இழுத்த விளக்கு என்று நான் பரிந்துரைப்பது அதை அல்ல. எர்த்தும் ஆர்சிசிபியும் போட முடியாதென்றால் சோலாரே மேல். மாடியில் வீடு, கீழே கடை என்று இருப்பவர்கள் வீட்டு இணைப்பிலிருந்து பலகைக்கு எடுப்பதும் தவறு. கடைக்கு வணிக இணைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பில் கணக்கு சித்தப்பாவுக்காகப் போட்டேன். இரண்டும் சேர்ந்து 40 வாட். சாயங்காலம் ஐந்து மணி நேரம், விடியற்காலை இரண்டு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 280 வாட் அவர், மாதம் 8.4 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வட்டமாக வைத்தாலும் 84 ரூபாய். பழைய ட்யூப் லைட் வைத்த பெட்டிப் பலகைகளின் காலத்தில் பில் பயம் நியாயம். சோக்கோடு சேர்ந்து ஒரு ட்யூபே 50 வாட்டுக்கு மேல் இழுத்தது, அப்படி நாலைந்து இருக்கும். எல்இடி வந்த பிறகு அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு சோலார் வாங்கத் தேவையில்லை.

இதே வெளிச்சத்தைச் சோலாரில் எடுக்க முடியாதா? முடியும். 280 வாட் அவருக்கு 12.8 வோல்ட், 30 ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேண்டும், 100 வாட் பேனல் வேண்டும். 12 வோல்ட் எல்இடி மாட்யூலை நேராக அதிலேயே ஓட்டலாம். அது உருப்படியான ஏற்பாடு. ஆனால் அதன் விலை 2,600 இல்லை. அதுவும் மூன்று நாள் மேகத்துக்கு இன்னொரு பேட்டரி கேட்கும்.

பூசத்துக்கு முந்தைய வாரம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கம்பியில் இழுத்த இரண்டு விளக்கும் போயின, தெருவே போனது. அவிழ்க்காமல் விட்டிருந்த சோலார் விளக்கு மட்டும் எரிந்தது. அந்த இருட்டில் 6 வாட் எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுபது அடி என்ன, திருப்பத்திலிருந்தே பலகை தெரிந்தது. நாற்பது நிமிடம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அந்த வெளிச்சத்தில் நின்றுதான் சில்லறை எண்ணிக் கொடுத்தார். இந்த விளக்கை எனக்குப் பிடிக்கிறது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பொய்தான் பிடிக்கவில்லை.

அதனால் அதைத் தூக்கிப்போடவில்லை, இடம் மாற்றினோம். புறவழிச்சாலை வந்த பிறகு வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. பிரிகிற இடத்தில், தெரிந்த ஒருவரின் தென்னந்தோப்பு வேலியை ஒட்டி, அவருடைய பட்டா நிலத்துக்குள், கடைக்கு வழி காட்டும் இரண்டடி அம்புக்குறிப் பலகை நிற்கிறது. பக்கத்தில் மின்கம்பம் இல்லை. தெருவிளக்கு இல்லை, அதனால் பேனலுக்கு வெளிச்ச மயக்கமும் இல்லை. பலகை சின்னது, கால் வெளிச்சமே போதும். அந்த அளவில் 32 வாட் அவர் விடியும் வரை தாங்குகிறது. தென்னை மட்டை எட்டாத தூரத்தில் கம்பத்தை நட்டு, பேனலைத் தெற்கே சாய்த்து வைத்தோம். தோப்புக்காரர் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்.

இடம் மாற்றியபோது அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெயின்ட் பேனாவால் ‘6 வாட், செல் 3.2 வோல்ட், ஐப்பசியில் மாட்டியது’ என்று எழுதினேன். இரண்டு மூன்று வருடம் கழித்துச் செல் மாற்ற வருகிறவருக்கு அது வேண்டும்.