மருத்துவப் பட்டமும் தோட்டத்துத் தராசும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது மலைநாட்டு நகரங்களில் ஒரு வியாபாரம் சூடுபிடிக்கின்றது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கலாம் என்று கூறும் விளம்பரங்கள் பண்டாரவளையின் கடைச்சுவர்களிலும் காணப்படுகின்றன. ருஷ்யா, சீனா, வங்காளதேசம், நேபாளம் என்று நாடுகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தேயிலைத் தூளைத் தரம் பிரித்து விலை குறிப்பது போலப் பட்டங்களையும் தரம் பிரித்து விலை குறித்திருக்கிறார்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு நம்மைத் தேடி ஒரு தகப்பனார் வந்தார். கணவனும் மனைவியும் தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள். மகள் உயிரியற் பிரிவில் முதல் முறை தோற்றி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். ஆனால் அரசாங்க மருத்துவ பீடத்திற்கு வேண்டிய வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. அவர் கேட்ட கேள்வி இதுதான்: “மாஸ்டர், எம்.டி.ன்னா எம்.பி.பி.எஸ்.ஸ விடப் பெரிய பட்டமாமே? அதுவும் கொறஞ்ச காசுக்குக் கெடைக்குதாம். ஈ.பி.எப். காசையும் நகையையும் போட்டு அனுப்பிரலாமா?”

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. விலையையும் பொருளையும் எடைபோட்டுப் பார்ப்பது உழைப்பாளியின் உரிமை, அவனது கடமையுங்கூட. ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட தராசு சரியானதா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம். தோட்டத்துத் தராசில் ஈரத்திற்கென்றும் சாக்கிற்கென்றும் கொழுந்தின் எடை கழிக்கப்படுவதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். பட்டத்தின் தராசிலும் அவ்வாறான கழிவுகள் பல உண்டு.

முதலில் எழுத்துக்களைப் பற்றிக் கூறுவோம். இலங்கையில் எம்.பி.பி.எஸ். என்பது மருத்துவத்தின் முதற்பட்டம். எம்.டி. என்பது அதனைப் பெற்று, பயிற்சியும் முடித்த பின்னர், 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் நிறுவப்பட்ட பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் பெறும் உயர்பட்டம். ருஷ்யாவிலோ பாடசாலையை முடித்துச் செல்லும் மாணவர் ஆறாண்டுகளின் முடிவில் பெறும் முதற்பட்டமே எம்.டி. என்று மொழிபெயர்க்கப்படுகின்றது. பெயர் ஒன்று, பொருள் வேறு. ருஷ்யாவின் எம்.டி.யும் பேராதனையின் எம்.பி.பி.எஸ்.ஸும் ஒரே படியில் நிற்பவை. இந்தப் பெயர்மயக்கத்தை விற்பனைக்கு முதலாக்குவோர் கற்பித்ததே அத்தகப்பனாரின் “பெரிய பட்டம்” என்ற எண்ணம்.

அமெரிக்காவிலும் இதையொத்த மயக்கம் உண்டு. அங்கே எம்.டி., டி.ஓ. என்ற இருவகைப் பட்டம் பெற்றவர்களும் சட்டப்படி முழு மருத்துவர்களே. ஆயினும் எதற்கு மதிப்பு அதிகம், எதற்குச் செலவு குறைவு என்று மாணவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்பட்டத்தைத் தேர்ந்தாலும், கடன்பட்டுப் படித்து வெளியேறுபவரின் தலையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் டொலர் கடன் நிற்பது அங்கு வழமை. கடனோடு தொழிலுக்கு வருபவர் கிராமத்து ஏழையை நாடிப் போவாரா, பணம் தரும் நகரத்தை நாடிப் போவாரா? பட்டத்தின் எழுத்து தீர்மானிக்காததைக் கடன் தீர்மானித்துவிடுகின்றது.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் அச்சம்பளத்தையே எடுத்துக்கொண்டு, மாதம் 25 நாள் முழுப்பேர் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மாத வரவு 33,750 ரூபா. ஆண்டுக்கு 4,05,000 ரூபா. ஆறாண்டுக் கட்டணம், விடுதி, உணவு, விமானப் பயணம் யாவும் சேர்ந்து ஒரு கோடி ரூபா என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். ஒரு தொழிலாளி உண்ணாமலும் உடுக்காமலும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்தால்தான் அத்தொகை சேரும். செலவு அதன் பாதியே என்று யாரேனும் வாதித்தால், பட்டினி பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறையும், அவ்வளவுதான்.

விளம்பரத்தில் சொல்லப்படாத கழிவுகள் இதற்கு மேலும் உண்டு. படிக்கும் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருத்தல் வேண்டும். நாடு திரும்பியபின் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சையில் சித்தியடைதல் வேண்டும். அதன் பின்னரே உள்ளகப் பயிற்சி. ஒரு தடவை தவறினால் ஊதியமற்ற மாதங்கள் நீளும். வட்டி மட்டும் நீளாமல் நிற்பதில்லை. 2022இல் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, செலவு குறைவென்று அங்கு மருத்துவம் படிக்கப் போயிருந்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் குண்டுமழைக்கு நடுவே எல்லையை நோக்கி ஓடிவந்ததை உலகம் கண்டது. அந்த ஆபத்தை எந்த விலைப்பட்டியலும் குறித்திருக்கவில்லை.

ஆனால் வெளிநாட்டுக் கல்வி எக்காலத்திலும் வியாபாரமாகவே இருந்ததா? இல்லை. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தோன்றியது; அடுத்த ஆண்டு அதற்குப் பற்றிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டது. ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஏழை மாணவர்களுக்குக் கட்டணமின்றி, உதவிப்பணமும் தந்து அங்கு கல்வி அளிக்கப்பட்டது. இலங்கையிலிருந்தும் பலர் சென்றனர். பிற்காலத்தில் மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ரோஹண விஜேவீரவும் மருத்துவம் படிக்கவே அங்கு சென்றவர். சோவியத் நாடு 1991இல் கலைந்தது. இன்று அந்நாட்டுக்குச் செல்லும் நமது மாணவர்களிற் பெரும்பாலோர் கட்டணம் செலுத்தியே படிக்கின்றனர். பட்டத்தின் எழுத்தும் படிப்பின் காலமும் ஏறக்குறைய அவையேதாம். செலவை யார் ஏற்பது என்பதே மாறியது. ஒரு காலத்தில் நட்பின் கொடையாக இருந்தது இன்று சரக்காயிற்று. ஆகவே மருத்துவப் பட்டத்தின் விலை இயற்கையின் விதியன்று. அது சமூகம் செய்யும் தீர்மானம். 1999இல் கியூபா நிறுவிய லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரி, பொருளாதாரத் தடையில் நசுங்கிய ஒரு சிறு நாடும் அத்தீர்மானத்தைச் செய்யலாம் என்பதற்குச் சான்று.

நமது நாடும் ஒருமுறை அத்தீர்மானத்தைச் செய்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதன் அரணில் இருமுறை உடைப்பு நேர்ந்தது. 1980இல் ராகமையில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தனியார் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்துப் படித்தவருக்கு எந்தப் பட்டம் வழங்குவது என்பதே அதனைச் சூழ்ந்த பெரும் வழக்காயிற்று. மாணவர் கிளர்ச்சிகளின் பின் 1989இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. மீண்டும் மாலபேயில் சைட்டம் எழுந்தது. 2011இல் மருத்துவப் பட்டம் வழங்கும் அதிகாரமும் பெற்றது. மருத்துவ சபை அதன் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2018இல் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அதற்கிடையில் வீதிப் போராட்டத்தின் விளைவாக நிறுவனம் மூடப்பட்டது. மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டனர்.

இப்போராட்டங்கள் நியாயமானவை என்பதே நமது கருத்து. எனினும் முற்போக்காளராகிய நாம் நம்மையே விமர்சிக்க வேண்டிய இடம் இங்குதான் வருகின்றது. மாலபேயின் வாயிலை மூடக் குரல் கொடுத்த நாம், தோட்டப் பாடசாலையின் பூட்டிய ஆய்வுகூடத்தைத் திறக்க அதே குரலைக் கொடுத்தோமா? மருத்துவக் கல்வி பல்கலைக்கழக வாயிலில் விற்கப்படுவதை எதிர்த்தோம். அவ்வாயிலை எட்டுவதற்கான படிகள் தனியார் வகுப்புக்களில் விற்கப்படுவதைப் பொறுத்துக்கொண்டோம். நம்மில் சிலர் அப்படிகளை விற்றுப் பிழைப்பவர்கள் என்பதையும் மறைத்தலாகாது. இலவசக் கல்வி வாயிலில் மட்டுமே இலவசமாயின், அது வாயில் வரை விலை கொடுத்து வந்தவனுக்கே இலவசம்.

மாவட்ட ஒதுக்கீடு இக்குறையைத் தீர்த்துவிட்டது என்று சிலர் வாதிப்பர். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றது. பதுளை மாவட்டம் அப்பின்தங்கிய பட்டியலில் இடம்பெற்றதே. ஆனால் மாவட்டம் என்பது ஒரே வர்க்கமா? வைத்தியரின், வர்த்தகரின் பிள்ளையும் லயத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே பதுளை வரிசையில் நிற்கின்றனர். முன்னவருக்கு ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் ஆசிரியர் வீடு தேடி வருகிறார். பின்னவர் இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கும் பாடசாலையைத் தேடி, இரண்டு பஸ் மாறி நகரத்திற்கு வர வேண்டியிருக்கின்றது. தமிழ்நாட்டில் 2020இல், அரசுப் பள்ளிகளிற் படித்தவர்களுக்கென மருத்துவ இடங்களில் 7.5 வீதம் ஒதுக்கிச் சட்டம் இயற்றினார்கள்; அவர்களது கட்டணத்தை அரசே ஏற்கவும் முன்வந்தது. மாவட்டத்திற்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வையும் சட்டம் காண முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

பட்டத்தின் வகையை வர்க்கம் தீர்மானிப்பது புதிதுமன்று. 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின் முழுப்பயிற்சி பெற்ற வைத்தியர் நகரத்திற்கென்றும், குறுகிய பயிற்சி பெற்ற அப்போதிக்கரிகளும் மருந்து கலப்போரும் தோட்டத்திற்கென்றும் ஒரு பிரிவினை வழக்கில் வந்தது. 1912இன் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் தொழிலாளியின் உடல் உற்பத்திக் கருவி என்ற அளவிலேயே அதற்கு மருந்து கணக்கிடப்பட்டது. தோட்டத்து மருந்துக்காரரை நாம் இகழவில்லை. பேறுகாலத்திலும் பாம்புக்கடியிலும் முதலில் ஓடிவந்தவர் அவரே. ஆனால் அவருக்கு மேல் ஒரு வைத்தியர் தோட்டத்திற்கு வேண்டுவதில்லை என்ற முடிவு யாருடையது?

இந்த இடத்தில் சித்த மருத்துவத்தையும் நோக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு அரசின் செலவில் நடைபெறுகின்றது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு சிறிது குறைந்த பிள்ளைக்கு அது கிடைக்கக்கூடும். “நாட்டு வைத்தியமா?” என்று முகம் சுளித்துவிட்டு, வட்டிக்கு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். இது எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமான தொழில் என்று நாம் மயக்க விரும்பவில்லை. அதன் துறை வேறு, பதிவு வேறு, வேலைவாய்ப்பும் குறுகியது. ஆனால் அதனை விரும்பி ஏற்பவருக்குக் கடனற்ற பட்டம் ஒன்று உண்டு என்ற செய்தியாவது அவர்களுக்கு எட்ட வேண்டும்.

இவை யாவற்றையும் அத்தகப்பனாருக்கு நம்மால் இயன்ற எளிய மொழியில் கூறினோம். எம்.டி. என்ற எழுத்துக்காக ஒரு சதமும் அதிகம் கொடுக்க வேண்டாம். மருத்துவ சபையின் அங்கீகாரத்தை முகவரின் வாயால் அன்றி, சபையிடமே நேரிற் கேட்டறிய வேண்டும். பதிவுப் பரீட்சை முடியும்வரை உள்ள காலத்தையும் செலவிற் சேர்க்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னர், மூன்று தடவை தோற்றும் உரிமையில் ஒன்றுதான் முடிந்திருக்கின்றது, பிள்ளை மீண்டும் எழுதட்டும் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் அமைதியாக ஒன்று கேட்டார்: “சரிங்க மாஸ்டர். கெமிஸ்ட்ரி யாரு சொல்லிக் குடுப்பா?”

அதற்கு நம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. நமது ஆலோசனை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தட்டி நின்றது. அரசு மருத்துவ பீடம் இலவசம் என்று நாம் சொன்னது உண்மை. அதனை அவரது மகள் எட்டுவதற்கான செலவை நமது கணக்கிற் சேர்க்க மறந்தோம் என்பதும் உண்மை. தராசிற் கழிவு வைத்தவர்களில் நாமும் இருந்தோம்.

எனவே ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரிய தத்துவமன்று. ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்கள் எங்கெங்கு உள்ளன என்று நாமே கணக்கெடுப்போம்; அதனை மாகாண சபை வாயிலில் வைத்துக் கேட்போம். உயர்தர விஞ்ஞானம் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நகரில் ஒரு விடுதி கோருவோம். அவை வரும்வரை, சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறையைத் திறந்து, கூலி பெறாது கற்பிக்க எத்தனை பேர் முன்வருவோம் என்பதையும் சொல்லிவிடுவோம். மலையகத்தின் கல்வி வரலாற்றில் நிலைத்தவை யாவும் இவ்வாறு சிலர் கூடித் தொடங்கியவையே.

அந்தப் பெண் இப்போது மீண்டும் படித்துக்கொண்டிருக்கிறாள். நகை அடகுக் கடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை வகுப்பில் அவளோடு பதினொரு பேர் அமர்கிறார்கள். கரும்பலகை ஒன்றும் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறோம். உயிரியலுக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.