சொத்தும் சுபாவமும்: ‘சாய்வு நாற்காலி’ நாவலில் தனிமை

ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைச் சொல்லும் நாவல்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, வமிசத்தின் ஏற்ற இறக்கங்களை வரலாற்று வரிசையில் அடுக்குவது. இரண்டாம் வகை, அவ்வரிசைக்குள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரே சுபாவத்தைத் தேடுவது. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்ஸியா மார்க்வெஸ் 1967இல் வெளியிட்டு, பின்னர் தமிழுக்கும் வந்த ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று. தோப்பில் முகம்மது மீரானுக்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த ‘சாய்வு நாற்காலி’யையும் அதனருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மார்க்வெஸின் நாவலில் புயேந்தியா குடும்பத்தார் பிள்ளைகளுக்கு முன்னோரின் பெயர்களையே மீண்டும் மீண்டும் இடுகின்றனர். பெயரோடு குணமும் கைமாறுகிறது. பல போர்களில் தோற்ற கர்னல் அவுரேலியானோ, தங்கத்தில் சிறு மீன்கள் செய்து, அவற்றை உருக்கி, மறுபடியும் மீன்களே செய்கிறார். அக்குடும்பத்தின் தனிமை ஆளில்லாத தனிமையன்று; நிறைந்த வீட்டில், அடுத்தவரை நேசிக்க இயலாமையால் விளைந்த தனிமை.

மீரானின் களம் குமரி மாவட்டக் கடற்கரை. மார்த்தாண்ட வர்மா மன்னரின் காலத்தில் புகழும் நிலமும் பெற்ற முன்னோரின் வழியில் வந்தவர் முஸ்தபாக்கண்ணு. அவர் உழைப்பதில்லை. சவ்தா மன்ஸில் என்னும் பழைய வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறார். மரபாக வந்த அதபுப் பிரம்பு மட்டும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் அடி மனைவியின் உடலில் விழுகிறது. ‘அதபு’ என்றால் ஒழுக்கம், பண்பாடு. பண்பாட்டின் பெயர் தாங்கிய பிரம்பு பண்பாட்டையே அடித்து நொறுக்குகிறது என்பதில் மீரானின் விமர்சனம் முழுவதும் அடங்கியுள்ளது.

‘சாய்வு நாற்காலி’யை மாய யதார்த்த நாவல் என்று நாம் வகைப்படுத்தவில்லை. மார்க்வெஸிடம் அற்புதம் உலகின் இயல்பாகவே நிகழ்கிறது. ரெமெதியோஸ் என்னும் பேரழகி, உலர்த்திய துணிகளோடு வானேறிச் செல்கிறாள். மீரானிடம் அற்புதம் குடும்பத்தாரின் நாவில் வாழ்கிறது. முன்னோரின் வீரமும் அரண்மனைச் சலுகையும் சொல்லச் சொல்லப் பெருகி, இன்றைய சோம்பலுக்குச் சமாதானம் ஆகின்றன. அங்கே மாயம் வாழ்வை விளக்குகிறது. இங்கே மாயம் வாழ்வை மறைக்கிறது. தமிழ் முஸ்லிம் வாசகர் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வர். முன்னோர் பெருமை பேசும் திண்ணைகள் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல.

கடலோரத்துப் பெருவீடு ஒன்றின் கதை, வேடசந்தூர் போன்ற உள்நாட்டு வறண்ட சமவெளிக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். இப்பக்கம் குடகனாறு ஓடினாலும் வேளாண்மை பெரிதும் கிணற்றை நம்பியது. மன்னர் தந்த மானியமோ மாளிகையோ இங்கு எளிய குடும்பங்களுக்கு இல்லை; கிணற்றில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பத்திரத்தில் எழுதப்படுவதே சொத்து. நீர் இறைக்கும் முறை குறித்துப் பாட்டன்கள் தொடங்கிய மனத்தாங்கலைப் பேரன்கள் தொடர்வதும், கிணறு வற்றிய பின்னும் அது வற்றாதிருப்பதும் கிராமத்தார் அறியாததன்று. சொத்து சிறிதாயினும் சுபாவம் சிறிதாவதில்லை.

நம் ஃபராயிள் சட்டம் சொத்தைத் துல்லியமாகப் பிரிக்கிறது. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்பது போல ஒவ்வொருவருக்கும் அளவு உண்டு. ஆனால் தந்தையின் செருக்கையும் பாட்டனின் கடுஞ்சொல்லையும் எந்தச் சட்டமும் பங்கிடுவதில்லை. அவை குறைவின்றி முழுமையாக ஒவ்வொரு வாரிசுக்கும் போய்ச் சேருகின்றன. ‘சாய்வு நாற்காலி’ பேசுவது இந்தப் பங்கு பிரிபடாத சொத்தைப் பற்றித்தான்.

இச்சொத்தின் சுமையை அதிகம் தாங்குபவர்கள் பெண்கள். மார்க்வெஸின் உர்சுலா, முதுமையில் பார்வை இழந்த பிறகும் குடும்பத்தின் போக்கு சுழன்று சுழன்று வருவதைப் பிறரைவிடத் தெளிவாகக் காண்கிறாள். சவ்தா மன்ஸிலின் பெண்களும் அதை அறிந்தே துன்புறுகின்றனர். ஆனால் அவர்கள் அறிந்ததைக் கேட்பாரில்லை. நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் தனிமை அவரே தேடிக்கொண்டது. அடுப்படியில் நிற்பவரின் தனிமை அவர்மீது சுமத்தப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, முஸ்தபாக்கண்ணுவை வீழ்ச்சியின் சோக நாயகராக மட்டும் பார்ப்பது நாவலைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

மார்க்வெஸின் முடிவில் குடும்பத்தின் கதை ஓலைச்சுவடிகள் போன்ற பழைய தாள்களில் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. கடைசி வாரிசு அதை வாசித்து முடிக்கும் வேளையில் ஊரே காற்றில் அழிகிறது. அது விதியின் கதை. மீரானிடம் அத்தகைய சுவடி இல்லை. மரத்தால் செய்த ஒரு நாற்காலிதான் இருக்கிறது. முன்னோரை இவ்வழியில் கண்டோம், ஆகவே நாங்களும் அவ்வழியே நடக்கிறோம் என்ற வாதத்தைத் திருக்குர்ஆன் பல இடங்களில் மறுக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்றும் அது கூறுகிறது. எழுதப்பட்ட விதியிலிருந்து எழ முடியாது. நாற்காலியிலிருந்து எழ முடியும். முஸ்தபாக்கண்ணு எழ மறுத்தார் என்பதே குற்றம். அக்குற்றத்தைப் பரம்பரையின் மீது போட மீரான் இடம் தரவில்லை, வாசகரும் தரலாகாது.